ஒப்பிடுதல் எங்ஙனம் கூடும்?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர், "சென்ற ஆண்டு விழாவினும் இவ்வாண்டு விழா சிறந்தது" என்று தொடங்குதல் வழக்கம. நாமும் அவ்வாறே தொடங்க எண்ணினோம். ஆனால், சொல்லுமுன் ஓர் ஐயம் எழுந்தது. எதனாற் சிறந்தது? கூட்டத்தாலா, பேச்சாலா, நாடகத்தாலா? சென்ற ஆண்டு வராதவர் ஒருவர் இதனைச் சொல்லலாமா? சிறிய வாக்கியந்தான், ஆயினும் அதன் அடியில் பெரிய வினாக்கள் கிடக்கக் கண்டோம். அவற்றையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டோம். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுதல் கூடுவதற்கு எவையெவை முன்னரே அமைந்திருத்தல் வேண்டும் என்பதே அப்பொருள்.

இது பண்டிதர்க்கு மட்டும் உரிய பொருள் அன்று. காலையிற் சந்தைக்குப் போனால் ஒப்பிடுகின்றோம். பரீட்சை முடிவு வந்த அன்று அடுத்த வீட்டுப் பிள்ளையோடு எம் பிள்ளையை ஒப்பிடுகின்றோம். திருமணம் பேசும்போதும் ஒப்பிடுகின்றோம். ஒப்பீட்டினால் ஒருவர்க்கு வாழ்வு திறக்கின்றது, மற்றொருவர்க்கு வாயில் அடைபடுகின்றது. ஆகவே அது எப்பொழுது செல்லும், எப்பொழுது செல்லாது என்று அறிந்திருத்தல் யாவர்க்கும் கடமை.

முதலில், ஒப்பிடப்படுவன இரண்டாக இருத்தல் வேண்டும்; ஆனால் முற்றிலும் வேறான இரண்டாக இருத்தல் கூடாது. எவ்வாற்றானும் வேற்றுமை இல்லாதன இரண்டு எனப்படா. அங்கே ஒப்பிடுவதற்கு இடமில்லை. எவ்வாற்றானும் ஒற்றுமை இல்லாதவற்றையும் ஒப்பிடல் இயலாது. மல்லிகையின் மணம் பெரிதா, ஏழு என்னும் எண் பெரிதா என்று ஒருவன் கேட்டால் நாம் விடை தேடமாட்டோம். அவனுக்கு உடல்நலம் எப்படி என்று விசாரிப்போம். ஒற்றுமையும் வேற்றுமையும் ஒருங்கே நிற்கும் இடத்திலேதான் ஒப்பீடு பிறக்கின்றது.

இதனை நம் முன்னோர் நன்கு ஆராய்ந்துள்ளனர். வைசேடிகர் உலகப் பொருள்களை வகுக்கும்போது திரவியம், குணம், கருமம் என்பவற்றோடு சாமானியம், விசேடம், சமவாயம் என்பவற்றையும் சேர்த்து ஆறு பதார்த்தங்கள் என்றனர். சாமானியமாவது பொதுமை, விசேடமாவது தனிமை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தமை நோக்கத்தக்கது. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் அளவைப் பகுதியில் இதனையே தன்னியல்பு, பொதுவியல்பு என்று பிரித்தார். பிற சாதியினின்றும் தன் சாதியினின்றும் ஒரு பொருளை வேறாக்கி நிறுத்துவது தன்னியல்பு. பிற சாதியினின்று நீக்கித் தன் சாதியோடு ஒக்கச் செய்வது பொதுவியல்பு. தொழுவத்திலே நிற்கும் பத்துப் பசுக்களும் பசு என்பது பொதுவியல்பு. அவற்றுள் ஒன்று இன்ன பசுவே என்று வீட்டுக்காரி இனங்கண்டு அழைப்பது தன்னியல்பினால். பொதுவியல்பு இன்றேல் ஒப்பிடுவதற்கு நிலமில்லை. தன்னியல்பு இன்றேல் ஒப்பிடுவதற்குப் பொருளில்லை.

இங்கே ஒருவர் தடை கூறலாம். "எல்லாப் பொருளும் ஏதோ ஒருவகையால் எல்லாப் பொருளோடும் ஒக்குமே! மல்லிகை மணமும் ஏழு என்னும் எண்ணும் நினைக்கப்படுவன என்னும் வகையால் ஒக்குமன்றோ?" என்பர். ஒக்கும். அதனாலேயே இரண்டாவது நியதி வேண்டப்படுகின்றது. எவ்வகையால் ஒப்பிடுகின்றோம் என்பதைச் சொல்லிவிட்டே ஒப்பிடல் வேண்டும்.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் எமது வீட்டு முற்றத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரமும், வேலியோரத்தில் ஒரு புளிமாமரமும் நின்றன. எந்த மரம் நல்ல மரம் என்று ஒருநாள் ஆச்சியைக் கேட்டோம். ஆச்சி சுளகிலே அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே, "என்னத்துக்கு எண்டு சொல்லு மோனை. தின்னவோ, கறிக்கோ, நிழலுக்கோ?" என்றார். அன்று அது விடையாக எமக்குத் தோன்றவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமற் கடத்துகிறார் என்றே எண்ணினோம். தருக்க நூல் சிலவற்றைப் பார்த்த பின்னரே ஆச்சி எம்மினும் நன்றாகத் தருக்கம் அறிந்தவர் என்பது தெரிந்தது. "நல்லது" என்பது வகை கூறாதவரை முடியாத சொல்.

தொல்காப்பியர் உவமவியலில் உவமத் தோற்றத்தை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். வீரனைப் புலி என்றால் பாய்ச்சலாகிய வினை பற்றியது. கொடையாளியை மழை என்றால் பயன் பற்றியது. இடையைத் துடி என்றால் மெய்யாகிய வடிவு பற்றியது. மேனியைப் பொன் என்றால் உருவாகிய நிறம் பற்றியது. வகை மாறினால் உவமை கெடும். வீரனைப் புலி என்ற புலவரிடம் "வால் எங்கே?" என்று கேட்பவன் கவிதை அறியாதவன் மட்டும் அல்லன், ஒப்பீட்டின் இலக்கணமே அறியாதவன்.

நியாய நூலார் உவமானத்தை ஒரு தனிப் பிரமாணமாகவே கொண்டனர். அவர் காட்டும் எடுத்துக்காட்டுப் புகழ்பெற்றது. ஆமா என்னும் காட்டு விலங்கை ஒருபோதும் காணாத நகரத்தான் ஒருவனுக்கு, "ஆமா பசுவைப் போல்வது" என்று வனத்தில் வாழ்வோன் சொல்கிறான். பின்னர் நகரத்தான் காட்டுக்குப் போகிறான். பசுவை ஒத்த விலங்கு ஒன்றைக் காண்கிறான். ஆமா என்னும் பெயர்க்குரிய விலங்கு இதுவே என்று தெளிகிறான். வைசேடிகரும் பௌத்தரும் இதனைத் தனிப் பிரமாணமாக ஏற்கவில்லை. சித்தியாரும் ஒப்பினைப் பிறர் கூறும் அளவைகளுள் ஒன்றாக எண்ணி, பின் எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அடக்கிற்று. அவ்வழக்குள் நாம் இன்று நுழையவேண்டியதில்லை. நகரத்தான் "பசுவைப் போல்வது" என்பதைப் பால் தரும், கொட்டிலில் நிற்கும், கூப்பிட்டால் வரும் என்று பொருள் கொண்டிருந்தால் ஆமாவின் கொம்பு அவனுக்கு வேறு பாடம் கற்பித்திருக்கும்! வடிவு என்னும் வகையைச் சொல்லாமலே இருவரும் உணர்ந்திருந்தமையால் அன்றோ அவன் தப்பினான்?

மூன்றாவது நியதி அளவுகோலைப் பற்றியது. வகையைச் சொன்னபின் கூடுதல், குறைவு என்று சொல்வதற்கு ஒரு கோல் வேண்டும். அக்கோல் ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குப் போகும்போது மாறாதிருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் பார்த்தோர் அறிவர். நிலத்தின் அளவை அதில் விதைக்கும் தானியத்தைக் கொண்டு குறிப்பது பழைய வழக்கு. வரகுப் பரப்பு வேறு, நெற்பரப்பு வேறு. பெயர் ஒன்று, விரிவு வேறு. "உனக்கும் பத்துப் பரப்பு, எனக்கும் பத்துப் பரப்பு" என்று இருவர் சமாதானமாகப் போகலாம். அவர்கள் பங்கு சமமாயிற்று என்பது உறுதியன்று.

கோலை எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்று கேட்டால் வினா இன்னும் ஆழமாகும். பாரிசுக்கு அருகே செவ்ர் என்னும் இடத்தில் பிளாற்றினமும் இரிடியமும் கலந்த ஓர் உலோகக் கட்டி உண்டு. 1889ஆம் ஆண்டு முதல் அதன் திணிவே ஒரு கிலோகிராம் என உலகம் ஏற்றிருந்தது. அதன் படிகள் பல நாடுகளுக்குக் கொடுக்கப்பட்டன. ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் பின் மீண்டும் ஒப்பிட்டபோது, மூலக் கட்டிக்கும் படிகள் பலவற்றுக்கும் இடையே சுமார் 50 மைக்கிரோகிராம் அளவு வேறுபாடு காணப்பட்டது. மூலம் இளைத்ததா, படிகள் பருத்தனவா? எவராலும் சொல்ல முடியவில்லை. மூலமே கிலோகிராம் என்று விதித்துவிட்டமையால், அது கூடிற்று, குறைந்தது என்று சொல்வதற்கே இடமில்லை. ஈற்றில் 2019 மே 20 முதல், ஒரு கட்டியை விட்டு, இயற்கையில் மாறாதது எனக் கொள்ளப்படும் பிளாங்கின் மாறிலியைக் கொண்டு கிலோகிராமை வரையறுத்தனர். ஒப்பீட்டில் நாம் எந்தக் கோலைக் கையில் எடுக்கின்றோமோ, அந்தக் கோலை அதே ஒப்பீட்டினால் சோதித்தல் கூடாது என்பது இதனாற் பெறப்படும். அதனை வேறோர் இடத்தில் நின்றே சோதித்தல் வேண்டும்.

நான்காவது நியதி ஒப்பிடுபவனைப் பற்றியது. மீமாஞ்சகர் ஆமாக் கதையை வேறு விதமாகச் சொல்வர். காட்டில் ஆமாவைக் கண்டவன், "வீட்டிலே நிற்கும் என் பசு இதனை ஒத்தது" என்று அறிகிறான். அவ்வறிவே உவமானம் என்பர். கண்ணெதிரே நிற்பது ஆமா. பசுவோ வீட்டில் நிற்கிறது. இரண்டையும் ஓரிடத்திற்குக் கொண்டுவந்தது எது? நினைவு. யாருடைய நினைவு? பசுவை முன்பு கண்டவன் ஒருவன், ஆமாவை இப்போது காண்பவன் மற்றொருவன் என்றால் ஒப்பீடு நிகழாது. இரண்டையும் கண்டவன் ஒருவனாக இருத்தல் வேண்டும். நியாய நூலார் இதனையே கருவியாக்கி, கண்ணாற் கண்டதனையே கையாலும் தீண்டினேன் என்று அறிபவன் கண்ணும் அல்லன், கையும் அல்லன், இரண்டுக்கும் பொதுவாய் நிற்கும் ஆன்மாவே என்று நிறுவினர். பௌத்தர் இதனை மறுத்து, ஒன்றன்பின் ஒன்றாய் ஓடும் அறிவுத் தொடரே போதும் என்றனர். மேல்நாட்டிலே 1781ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலில் இமானுவேல் கான்ற்று என்னும் ஞானியும், பலவாய் வரும் காட்சிகள் ஓர் உணர்வின்கீழ் ஒன்றுபடாவிடில் அறிவு என்பதே கூடாது என்று காட்டினார். வழக்கு இன்னும் முடியவில்லை. எனினும் இரண்டையும் ஒருங்கே ஏந்தும் ஏதோ ஒன்று வேண்டும் என்பதில் எத்திறத்தாரும் முரண்படார்.

இந்நியதி நமக்கு ஒரு பணிவைக் கற்பிக்கின்றது. பெரியோர்கள் மன்னிக்க வேண்டும். "எங்கள் காலத்துப் பிள்ளைகள் இப்படியா இருந்தார்கள்?" என்று நாம் அடிக்கடி சொல்கின்றோம். நம் இளமையை உள்ளிருந்து வாழ்ந்தோம். இவர்கள் இளமையை வெளியே நின்று பார்க்கின்றோம். ஒன்றை உண்டவரும் மற்றொன்றை மணம் மட்டும் பிடித்தவருமாகிய நாம் சுவையை ஒப்பிடுகின்றோம். இளைஞர்களும் மகிழவேண்டா. "உங்கள் காலத்தில் என்ன இருந்தது?" என்று நீங்கள் கேட்கும்போது உங்களுக்கும் அதே குறைதான்.

இனி, இந்நான்கு நியதிகளும் ஏட்டிலே கிடப்பன அல்ல என்பதற்கு நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் காட்டுவோம். இச்சபையிலுள்ள வீடுகளில் அதனால் நகைத்தவையும் உண்டு, அழுதவையும் உண்டு.

உயர்தரப் பரீட்சையில் ஒருவர் ஒரு பாடத்தில் 60 புள்ளி பெறுகிறார். மற்றொருவர் வேறொரு பாடத்தில் 70 பெறுகிறார். யார் சிறந்தவர்? புள்ளி என்னும் பெயர் ஒன்று. ஆனால் வரகுப் பரப்பும் நெற்பரப்பும் போலக் கோல் வேறு. இதனைச் சரிசெய்யவே இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் இசட் புள்ளி முறை கையாளப்படுகின்றது. ஒருவருடைய புள்ளி அப்பாடத்தின் இடையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று கண்டு, அதனை நியம விலகலால் வகுப்பர். முதற் பாடத்தின் இடை 40, நியம விலகல் 10 ஆயின், 60 பெற்றவரின் இசட் புள்ளி 2. இரண்டாம் பாடத்தின் இடை 60, நியம விலகல் 10 ஆயின், 70 பெற்றவரின் இசட் புள்ளி 1. ஆகவே 60 பெற்றவர் முந்துகிறார். கணக்கு மிக நேரியது. ஆனால் அக்கணக்கு வாய்திறவாமல் ஒன்றைக் கொண்டுவிடுகிறது. இரு பாடங்களையும் எடுத்த இரு கூட்டத்தாரும் ஆற்றலால் ஏறக்குறைய ஒத்தவர் என்பதே அது. அப்பொதுமை உண்டு என்று கணக்குச் சொல்லவில்லை. நாமே கணக்கிற்குச் சொல்லிக் கொடுத்தோம்.

2011ஆம் ஆண்டில் பழைய பாடத்திட்டத்தின்படி ஒரு சாராரும் புதிய பாடத்திட்டத்தின்படி மற்றொரு சாராரும் உயர்தரப் பரீட்சை எழுதினர். வினாத்தாள் வேறு, பாடத்திட்டம் வேறு. ஆயினும் இரு சாராரையும் ஒன்றாய்ச் சேர்த்து இசட் புள்ளிகள் கணிக்கப்பட்டன. மாணவர் வழக்குத் தொடுத்தனர். 2012 ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம், இரு சாராரையும் தனித்தனித் தொகுதிகளாகக் கொண்டு மறுபடி கணிக்க வேண்டும் என்று தீர்த்தது. பொதுநிலம் இல்லாத இடத்தில் பொதுக்கோல் நாட்டல் ஆகாது என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள் என்று நாம் கொள்கின்றோம்.

இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததனையும் இதன் அருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் தமிழ்மொழி மூலம் எழுதியோர்க்குச் சில துறைகளில் உயர்ந்த வெட்டுப்புள்ளி விதிக்கப்பட்டது. 1973இல் மொழி மூலத்தின்படி புள்ளிகள் தரப்படுத்தப்பட்டன. இங்கும் மாணவர் இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டனர். 2012இல் பிரித்தது நீதி என்றோம். 1973இல் பிரித்ததை ஏன் அநீதி என்கின்றோம்? நமக்கு நன்மையானதை நீதி என்றும், தீமையானதை அநீதி என்றும் சொல்கின்றோமா? இளைஞர்கள் இவ்வினாவை அஞ்சாது கேட்டல் வேண்டும்.

நாம் கண்ட விடை இது. 2011இல் வினாத்தாள்களே வேறு. ஒரு சாரார் பெற்ற புள்ளியை மறு சாரார் பெற்ற புள்ளியோடு நேரே ஒப்பிட வழியில்லை. ஆகவே பிரித்தல் தகும். 1973இலோ பாடத்திட்டம் ஒன்று. அப்படியிருக்க, ஒப்பிடக் கூடியவற்றையே ஒப்பிடாமற் பிரித்து, இரு தொகுதியும் சமம் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, அம்முடிவுக்கு ஏற்பப் புள்ளிகளை மாற்றினர். தமிழில் விடைத்தாள் திருத்தியோர் தாராளமாகப் புள்ளி இட்டனர் என்று ஒரு சாரார் சொன்னதும் உண்டு. அது மெய்யாயின் விடைத்தாள்களை மறுபடி திருத்திக் காட்டியிருத்தல் வேண்டும். கூட்டத்தையே வேறாக்குதல் சான்று ஆகாது. கணிதம் இரண்டிடத்தும் ஏறக்குறைய ஒன்றே. நீதியும் அநீதியும் கணிதத்தினுள் இல்லை. கணிதத்துக்கு முன்னே நாம் இட்ட அடித்தளத்தில் உள்ளன.

இங்கே நாமும் ஒன்றுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம். 1974இல் மாவட்ட அடிப்படையிலான பங்கீடு வந்தபோது யாழ்ப்பாணத்தில் பெரும் மனக்கொதிப்பு எழுந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் அப்பங்கீடு மன்னார்ப் பிள்ளைக்கும் வவுனியாப் பிள்ளைக்கும் ஒரு வழியைத் திறந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில், ஆசிரியர் இல்லாத பாடத்தைத் தானே படித்து 55 பெற்றவனையும், எல்லா வசதியும் பெற்று 65 பெற்றவனையும் எவ்வகையால் ஒப்பிடுவது? அடைந்ததையா, ஆற்றலையா? ஆச்சி கேட்டதுபோல, "என்னத்துக்கு?" என்பதே வினா. அடைந்ததைக் கொண்டு ஒப்பிட்டால் ஒரு விடை. ஆற்றலைக் கொண்டு ஒப்பிட்டால் வேறு விடை. இரண்டையும் ஒரு புள்ளியினுள் அடைத்துவிட்டு அதனைத் தகுதி என்று அழைக்கும்போதுதான் குழப்பம் நேருகின்றது. மொழிவாரித் தரப்படுத்தல் அத்தசாப்தம் முடியுமுன்னரே கைவிடப்பட்டது. மாவட்ட அடிப்படை இன்றுவரை ஒருவகையில் நிலைத்திருக்கின்றது. ஒன்று போய் மற்றொன்று நின்றமைக்கு அரசியற் காரணங்கள் பல. ஆயினும் இரண்டாவதில் கேட்கத்தக்க ஒரு நியாயம் இருந்தது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஈற்றில் ஒப்பிடலாகாதவற்றைப் பற்றிச் சிறிது சொல்லி முடிக்கின்றோம். இறைவனைத் தனக்கு உவமை இல்லாதவன் என்று வள்ளுவர் கூறினார். அது வெறும் புகழ்ச்சி அன்று, தருக்கமும் ஆகும். தன் சாதி என்று மற்றொன்று இல்லாத பொருளுக்குப் பொதுவியல்பு ஏது? பொதுவியல்பு இல்லாதவழி ஒப்பு ஏது? மனிதருக்கோ பொதுவியல்பு உண்டு; ஆதலால் மனிதரை உயரத்தால், ஓட்டத்தால், கணக்கால், பாட்டால் ஒப்பிடலாம். ஆனால் தன்னியல்பும் உண்டு. பெற்ற தாய் கூட்டத்திலே தன் பிள்ளையைக் கண்டு கூப்பிடுவது அவன் வாங்கிய புள்ளியைக் கொண்டன்று. வகை கூறாமல் ஒரு முழு மனிதனை மற்றொரு முழு மனிதனோடு ஒப்பிடும்போது, தன்னியல்பை எடுத்து வைத்துக்கொண்டு அதற்குப் பொதுக்கோல் தேடுகின்றோம். அத்தகைய கோல் இல்லை.

பெற்றோரே, அடுத்த பரீட்சை முடிவு வரும் நாளில், "அவனைப் பார், உன்னைப் பார்" என்று சொல்ல நா எழும்போது சற்றே நில்லுங்கள். எவற்றை ஒப்பிடுகின்றோம்? எவ்வகையால்? எந்தக் கோலால்? இரண்டையும் கண்டவர் நாமா? இந்நான்கிற்கும் விடை இருந்தால் தயங்காது சொல்லுங்கள். அச்சொல் பிள்ளைக்குப் பயன்படும். விடை இல்லையேல், அவனுக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுங்கள். இளைஞர்களே, நீங்களும் கண்ணாடி முன் நின்று உங்களை மற்றவரோடு ஒப்பிடுமுன் இந்நான்கையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு விழாவுக்கும் நாம் வந்திருந்தோம், இவ்வாண்டும் வந்திருக்கின்றோம். ஆதலின் இரண்டையும் கண்டவர் நாமே. இளைஞர் திரண்டு வந்து இறுதிவரை அமர்ந்திருந்த வகையால், தலைகளை எண்ணிய கோலால், இவ்வாண்டு விழா சிறந்தது என்று நெஞ்சாரச் சொல்கின்றோம். மற்ற வகைகளைப் பற்றி மற்றவர் சொல்க.